அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் ஆட்சி (1963–69): எதில் ஜெயித்தார், எதில் தோற்றார், ஏன்?

செங்காந்தள் (கேள்வி):

ஜான்சனைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது இரண்டே வரிதான். கறுப்பின மக்களுக்கு உரிமைச் சட்டம் கொண்டுவந்தார், வியட்நாமில் மாட்டிக்கொண்டார். இரண்டும் எப்படி நடந்தன என்ற விவரம் எங்கும் இல்லை.

1964 சிவில் உரிமைச் சட்டம் முந்தைய அதிபர் கென்னடி இறந்த அனுதாபத்தில் தானாக நிறைவேறியதா, ஜான்சனின் சாமர்த்தியமா? வறுமை ஒழிப்புத் திட்டங்கள் உண்மையில் பலன் கொடுத்தனவா? நாடாளுமன்றத்தை உள்ளங்கையில் வைத்திருந்த மனிதர் போர் விஷயத்தில் ஏன் அப்படிச் சறுக்கினார்? 1966-ல் இந்தியாவுக்குக் கோதுமைக் கப்பலை நிறுத்தி நிறுத்தி அனுப்பியதை எந்தக் கணக்கில் எழுதுவது? தேதி, எண்ணிக்கையோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

கரிசல்காடு:

அனுதாபம் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். கென்னடி இறந்தபோது மசோதா பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுவில் கிடந்தது. அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். அவர் கூட்டம் கூட்டாவிட்டால் மசோதா சபைக்கே வராது. அதை மீற ஒரு வழி உண்டு: 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மசோதாவைக் குழுவிடமிருந்து பிடுங்கலாம். ஜான்சன் அந்த மனுவுக்கு ஆதரவு திரட்டினார். 218 சேரவில்லை. ஆனால் சேர்ந்துவிடும் என்ற பயம் போதுமானதாக இருந்தது. ஸ்மித் ஜனவரியில் விசாரணை தொடங்கினார், 30-ஆம் தேதி குழு 11-4 என்று விடுவித்தது. 1964 பிப்ரவரி 10-ல் சபை 290-130 என்று நிறைவேற்றியது. 290-ல் 138 பேர் குடியரசுக் கட்சியினர் என்பதை மறக்கக் கூடாது. ஒஹையோவின் வில்லியம் மெக்கல்லாக் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது.

உண்மையான சண்டை செனட்டில். இங்கேதான் ஜான்சனின் கை தெரிகிறது. கென்னடியின் வரிக்குறைப்பு மசோதாவும் அப்போது செனட் நிதிக் குழுவில் ஹாரி பேர்டிடம் நிலுவையில் இருந்தது. சிவில் உரிமை மசோதா முதலில் செனட்டுக்குள் வந்தால் அதை எதிர்த்த தென்மாநிலத்தார் மாதக்கணக்கில் பேசிப் பேசியே எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள், வரிக்குறைப்பு பணயமாகிவிடும். ஆகவே வரியை முதலில் முடிக்க வேண்டும். பேர்டின் நிபந்தனை, பட்ஜெட் 100 பில்லியன் டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது. ஜான்சன் 97.9 பில்லியனுக்கு வெட்டிக் கொடுத்தார். வரிச் சட்டம் பிப்ரவரி 26-ல் கையெழுத்தானது. அதே நாளில் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்டு சிவில் உரிமை மசோதாவை நீதித்துறைக் குழுவுக்கு அனுப்பாமல் நேராகச் செனட்டின் பட்டியலில் வைத்தார். அந்தக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். அங்கே போயிருந்தால் திரும்பி வந்திருக்காது.

பிறகு பிலிபஸ்டர், அதாவது வாக்கெடுப்பே வராதபடி பேசிக்கொண்டே இருப்பது. தென்மாநில செனட்டர்களின் தலைவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் தன் ஆட்களை ஆறு ஆறு பேராக மூன்று அணிகளாகப் பிரித்தார். ஒரு அணி பேசும், மற்றவை ஓய்வெடுக்கும். அவர்களுக்கு இன்னொரு ஆயுதம் கோரம், சபை நடக்க இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். நள்ளிரவில்கூட ‘கோரம் இல்லை’ என்று எழுப்புவார்கள். 51 பேர் வரவில்லையென்றால் சபை ஒத்திவைக்கப்படும். மறுநாள் புதிய அமர்வாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொருவருக்கும் பேச இரண்டு வாய்ப்பு புதிதாகக் கிடைக்கும். முந்தைய மசோதாக்கள் இப்படித்தான் களைத்துப் போயின. இம்முறை ஜனநாயகக் கட்சியின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சியின் தாமஸ் குச்செல் இருவரும் தத்தம் கட்சியில் முறைப்பட்டியல் போட்டு ஆட்களைத் தயாராக வைத்திருந்தார்கள்.

விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நூறு பேரும் வந்தால் 67. ஜனநாயகக் கட்சியில் தென்மாநிலத்தார் போக மீதி போதாது. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான எவரெட் டிர்க்ஸன் தன் கட்சியினரைக் கொண்டுவந்தால்தான் உண்டு. புகழ் டிர்க்ஸனுக்கே போகட்டும் என்று ஹம்ஃப்ரியிடம் ஜான்சன் சொல்லிவிட்டார். ஜூன் 10-ல் 71-29. சிவில் உரிமை மசோதா ஒன்றின் மீதான பிலிபஸ்டர் குளோச்சர் (விவாதத்தை முடிக்கும்) வாக்கெடுப்பால் உடைந்தது அதுவே முதல் முறை. மூளைக்கட்டியால் பேச முடியாதிருந்த கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்து, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி ஆதரவு தெரிவித்தார். ஜூலை 2-ல் சட்டம்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். டிர்க்ஸனின் திருத்தங்களால் வேலைவாய்ப்புப் பாகுபாட்டை விசாரிக்கும் ஆணையத்துக்குப் பல் பிடுங்கப்பட்டது. புகாரை வாங்கலாம், சமரசம் பேசலாம். உத்தரவு போடவும் முடியாது, தானே வழக்குத் தொடுக்கவும் முடியாது. வழக்குத் தொடுக்கும் உரிமை 1972-ல்தான் வந்தது. அந்த எட்டு வருடம் பாதிக்கப்பட்டவரே வக்கீல் பிடித்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. முதல் வருடத்தில் 100 தொழிலாளருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே சட்டம் பொருந்தியது, படிப்படியாகத்தான் 25 வரை இறங்கியது.

பனையோலை:

கரிசல்காடு சொன்னதோடு 1965-ஐச் சேர்த்தால்தான் படம் முழுதாகும். 1964 சட்டத்தில் வாக்குரிமைப் பகுதி பலவீனமானது. ஒவ்வொரு மாவட்டமாக வழக்குப் போட வேண்டும், ஒரு வழக்கு முடிய வருடக்கணக்கு. 1965 வாக்குரிமைச் சட்டம் அந்த முறையையே தலைகீழாக்கியது. எழுத்தறிவுத் தேர்வு வைத்திருக்கும், 1964 நவம்பரில் பாதிப் பேர்கூடப் பதிவு செய்யாத அல்லது வாக்களிக்காத மாநிலம், மாவட்டம் எல்லாம் தானாகவே சட்டத்துக்குள் வரும். தேர்வு உடனே நிறுத்தப்படும். தேவைப்பட்டால் வாஷிங்டன் அனுப்பும் அதிகாரியே பெயரைப் பதிவு செய்வார். தேர்தல் விதியை மாற்ற வேண்டுமென்றால் அந்த மாநிலம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்தின் தலையில். மிசிசிப்பியில் கறுப்பின மக்களில் பதிவு செய்தவர்கள் 6.7 சதவீதமாக இருந்தது, 1967-க்குள் 59.8 ஆனது. ஜான்சன் ஆட்சியில் மிகச் சுத்தமான வெற்றி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலங்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கை ரத்து செய்ததும் முன் அனுமதி முறை செயலிழந்தது. எந்த உறுப்பு சட்டத்தை ஓட்டியது என்று அதிலிருந்தே தெரியும்.

ஆனால் இந்தச் சட்டத்தை ஜான்சன் தானாகக் கொடுக்கவில்லை. 1965-ல் இதை அவசரப்படுத்த அவர் விரும்பவில்லை. மார்ச் 7-ல் அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எட்டாம் நாள் அவர் நாடாளுமன்றத்தில் பேசினார். அடி வாங்கியவர்களுக்கு உரிய பங்கை அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும்.

மெடிகேர் வேறு கதை. பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் மூன்று தனித்தனி யோசனைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்: முதியோருக்குச் சம்பள வரியிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவு, மாதம் 3 டாலர் கட்டினால் டாக்டர் செலவு, ஏழைகளுக்கு மாநிலங்கள் வழியாக மெடிகெய்ட். 1965 ஜூலை 30-ல் கையெழுத்து, 1966 ஜூலை 1-ல் அமல். பலரும் கவனிக்காத ஒரு பலன் உண்டு. கூட்டாட்சிப் பணம் வாங்கும் இடத்தில் இனப்பாகுபாடு கூடாது என்பது 1964 சட்டத்தின் ஆறாம் பகுதி. மெடிகேர் பணம் வேண்டுமென்றால் வார்டைப் பிரிக்கக் கூடாது என்றதும், தலைமுறைகளாகப் பிரித்தே வைத்திருந்த தென்மாநில ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் வழிக்கு வந்தன.

பிழை, பணம் கொடுத்த முறையில். டாக்டர் சங்கமும் ஆஸ்பத்திரிகளும் ஒத்துழைக்க வேண்டுமே என்று, ஆஸ்பத்திரிக்கு ‘ஆன செலவை’ அப்படியே கொடுப்பது, டாக்டருக்கு ‘வழக்கமான கட்டணத்தை’க் கொடுப்பது என்று எழுதிவிட்டார்கள். செலவு கூடினால் வரவும் கூடும் என்றால் யார் சிக்கனம் பிடிப்பார்கள்? முன்கூட்டியே விலை நிர்ணயிக்கும் முறை ஆஸ்பத்திரிகளுக்கு 1983-ல்தான் வந்தது.

வறுமை: 1964-ல் 19 சதவீதம், 1969-ல் 12.1. இதை அப்படியே திட்டங்களின் கணக்கில் எழுத முடியாது, பொருளாதாரம் நன்றாக வளர்ந்த காலம் அது. மறுபக்கம், அந்த அளவுகோல் கையில் வரும் பணத்தை மட்டும் எண்ணுகிறது. உணவு முத்திரையும் (ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் கூப்பன்) மருத்துவ உதவியும் அதில் ஏறாது. ஆகவே திட்டம் தோற்றது என்பவரும் அதே எண்ணை வைத்து வாதாட முடியாது. சிறுவர்களுக்கான ஹெட் ஸ்டார்ட் இன்றும் ஓடுகிறது. தோற்றது என்று சொல்லக்கூடியது சமூகச் செயல் திட்டம். ஏழைகள் ‘இயன்ற அளவு அதிகமாக’ நிர்வாகத்தில் பங்கேற்க வேண்டும் என்று சட்டம் சொன்னது, அதன் பொருள் என்ன என்று சொல்லவில்லை. பணம் நகராட்சியைத் தாண்டி நேராக உள்ளூர் அமைப்புகளுக்குப் போனது. ஜான்சனின் சொந்தக் கட்சி மேயர்களே கொதித்தார்கள். 1967-ல் கட்டுப்பாட்டை உள்ளாட்சிகளிடமே திருப்பிக் கொடுக்கத் திருத்தம் வந்தது.

நெய்தல்கரை:

போரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1965 ஜூலை 28: வியட்நாம் படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும் என்று ஜான்சன் அறிவிக்கிறார். ஜூலை 30: மெடிகேர். ஆகஸ்ட் 6: வாக்குரிமைச் சட்டம். போரைப் பெரிதாக அறிவித்தால், வரி கேட்டால், நாடாளுமன்றம் ‘போருக்கு முதலிடம், மற்றதெல்லாம் பிறகு’ என்று சொல்லிவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருந்தது. ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழி மறைப்பது.

எப்படி மறைத்தார்? அறிவித்தது 1,25,000, அந்த ஆண்டு இறுதிக்குள் சுமார் 1,75,000 பேருக்கு ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார். டிசம்பரில் அங்கே இருந்தவர்கள் 1,84,000. பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா ரிசர்வ் படையை அழைக்கவும் வரியை உயர்த்தவும் பரிந்துரைத்தார், இரண்டையும் ஜான்சன் தள்ளினார். ரிசர்வை அழைத்தால் ஊர் ஊராக டாக்டர், கடைக்காரர், வங்கி ஊழியர் கிளம்புவார்கள், நாடு போரை உணரும். அதைத் தவிர்த்ததால் பாரம் முழுவதும் கட்டாய ஆள்சேர்ப்பின் மேல் விழுந்தது. கல்லூரியில் படிப்பவனுக்கு ஒத்திவைப்பு கிடைத்தது, படிக்க வசதியில்லாதவன் போனான். வறுமையை ஒழிக்கக் கிளம்பிய அரசு ஏழை வீட்டுப் பிள்ளைகளை முதலில் அனுப்பியது. இதை ஒரு நிர்வாகப் பிழை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பணக் கணக்கும் அப்படியே. 1966 ஜனவரியில் கொடுத்த பட்ஜெட், போர் 1967 ஜூன் 30-ல் முடிந்துவிடும் என்ற அனுமானத்தில் போடப்பட்டது. அதில் காட்டிய போர்ச் செலவு உண்மையில் ஆனதில் சுமார் பாதிதான். வேலையின்மை ஏற்கெனவே குறைந்திருந்த நேரத்தில் இவ்வளவு பணம் கூடுதலாக இறங்கினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? 1965 டிசம்பரில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான தள்ளுபடி விகிதத்தை 4-லிருந்து 4.5 சதவீதமாக உயர்த்தியபோது, தலைவர் வில்லியம் மார்ட்டினை டெக்சாஸ் பண்ணைக்கு வரவழைத்துக் கடிந்துகொண்டார் ஜான்சன். மேல்வரியை (வருமான வரியின் மேல் கூடுதல் வரி) அவர் கேட்டது 1967-ல். முதலில் 6 சதவீதம், ஆகஸ்டில் 10. மில்ஸ், முதலில் 6 பில்லியன் செலவை வெட்டு என்றார். சட்டமானது 1968 ஜூன். அதற்குள் பற்றாக்குறை 25 பில்லியன், பணவீக்கம் 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 1964-ல் அது 1 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

படைபலத்துக்குக்கூட அவர் நாடாளுமன்றத்தில் போர்ப் பிரகடனம் கேட்கவில்லை. படையைப் பயன்படுத்த அனுமதித்த 1964 ஆகஸ்ட் 7-ன் டோங்கின் தீர்மானமே போதும் என்று நின்றார்; சபையில் 416-0, செனட்டில் 88-2. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவரே. அதற்குக் காரணமாகச் சொன்னது டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மேல் தாக்குதல். ஆகஸ்ட் 2-ல் தாக்குதல் நடந்தது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. 2005-ல் வெளியான உளவு ஆவணங்களே அதைச் சொல்கின்றன.

வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ஜார்ஜ் பால் 1965 ஜூலை 1 குறிப்பிலேயே இது ஜெயிக்க முடியாத போர், நஷ்டத்தைக் குறைத்துக்கொண்டு வெளியேறுங்கள் என்று எழுதினார். கேட்கவில்லை. 1968 இறுதியில் 5,36,000 படையினர் அங்கே. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இறந்த அமெரிக்கர்கள் 16,000-க்கு மேல். வியட்நாமியர் உயிரிழப்பு இதைவிடப் பல மடங்கு.

செங்காந்தள்:

மிக்க நன்றி நெய்தல்கரை. ஒரு சந்தேகம். 1965-லேயே உண்மையைச் சொல்லி வரி கேட்டிருந்தால் மெடிகேர் நின்றுபோயிருக்குமா?

கரிசல்காடு:

மெடிகேர் நின்றிருக்காது என்பது என் கணிப்பு. 1964 தேர்தலில் ஜான்சன் 61 சதவீத வாக்கு வாங்கினார், சபையில் ஜனநாயகக் கட்சியினர் 295, செனட்டில் 68. ஜூலை இறுதியில் மெடிகேரும் வாக்குரிமையும் ஏறக்குறைய கரையேறிவிட்டன. அடிபட்டிருக்கக்கூடியது அதற்குப் பின் வரவேண்டியவை, முக்கியமாக நகரங்களுக்கான பணம். ஆனால் அவை மறைத்தும் பிழைக்கவில்லையே. 1966 தேர்தலில் சபையில் 47 இடம் போனது. 1967 கோடையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். கலவரங்களின் காரணத்தை ஆராய ஜான்சனே அமைத்த கெர்னர் ஆணையம் 1968 பிப்ரவரியில் வேலை, வீடு, பள்ளி என்று பெரிய செலவைப் பரிந்துரைத்தபோது கையில் பணமும் இல்லை, வாக்கும் இல்லை. அறிக்கையை அவர் வரவேற்கக்கூட இல்லை. அந்த வருடம் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஏப்ரல் 11-ல் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

வயல்வெளி:

கோதுமை விஷயம். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் இந்தியாவோடு இருந்த ஒப்பந்தம் 1965 ஜூன் 30-ல் முடிந்தது. ஜான்சன் புதிய நீண்டகால ஒப்பந்தம் போடாமல், சில மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது விடுவித்தார். எந்தச் சரக்கு எப்போது போகும் என்பதை அவரே பார்த்தார். கயிறைக் குட்டையாகப் பிடிப்பது என்று அதைச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து மழை பொய்த்தது. 1964-65-ல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடிக்கு இறங்கியது. 1966-ல் இந்தியா இறக்குமதி செய்தது சுமார் 1 கோடி டன். பிகார் பசியில் இருந்தபோது கப்பல் தேதி வாஷிங்டனில் ஒருவர் மனநிலையைப் பொறுத்திருந்தது.

காரணம் இரண்டு. இந்தியா தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் பணத்தை விவசாயத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது ஒன்று. வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது மற்றொன்று. கயிறு இழுத்ததால்தான் பசுமைப் புரட்சி வந்தது என்று சிலர் ஜான்சன் பக்கம் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சி. சுப்பிரமணியம் 1964-ல் உணவு அமைச்சரானதுமே விவசாயிக்கு நியாய விலை, புது விதை, உரம் என்று தொடங்கிவிட்டார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் தஞ்சாவூரில் ஆரம்பமாகிவிட்டது. அந்த நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் அவர் செய்துகொண்ட உடன்பாட்டில் இருந்ததில் பெரும்பகுதி அவரே செய்ய நினைத்தது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. 1967-68-ல் கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன். விதையும் விலையும் செய்த வேலை அது. கயிறு செய்தது, வாசலில் நிற்கவைத்த அவமானத்தை மனதில் பதியவைத்ததுதான்.

நெய்தல்கரை:

வயல்வெளி, பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், ஒன்று தவிர. சுப்பிரமணியத்தின் திட்டத்துக்கு டெல்லியிலேயே எதிர்ப்பு இருந்தது. உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒதுக்க நிதி அமைச்சகமும் திட்டக் குழுவும் தயங்கின. ‘அமெரிக்கா வேறு கழுத்தைப் பிடிக்கிறது’ என்ற நிலை அவர் கையை உள்ளே பலப்படுத்தியது என்றும் பார்க்கலாம். ஆனால் அதற்காகப் பஞ்ச காலத்தில் கப்பலைத் தாமதிக்க வேண்டியதில்லை. நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலே போதும்.

பனையோலை:

ஒன்று விட்டுப்போனது: 1965 அக்டோபர் 3 குடியேற்றச் சட்டம். அதுவரை இந்தியாவுக்கு வருடம் 100 இடம். நாடுவாரி ஒதுக்கீடு போய், கிழக்கு அரைக்கோளத்துக்கு 1,70,000, எந்த நாட்டுக்கும் 20,000-க்கு மேல் இல்லை என்று ஆனது. 1968 ஜூலையில் முழுதாக அமலானது. டாக்டர், இன்ஜினீயர் என்று நம் ஊர்க்காரர்கள் போன வழி அதுதான். இன்றைக்கு கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் நிற்கும் வரிசையின் மூலமும் அதே சட்டம்தான். எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்ற யோசனை 1990-ல் 7 சதவீத விதியாக மாறியது. மெக்சிகோவுக்குத் தீங்கும் வந்தது. பண்ணைத் தொழிலாளர் ஒப்பந்தம் 1964 இறுதியில் முடிந்தது, மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக 1,20,000 என்ற வரம்பும் வந்தது. வேலை அங்கேயே இருந்தது, ஆட்களும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். நேற்றுவரை சட்டப்படி வந்தவர்கள் இப்போது சட்டவிரோதமாக வருகிறவர்கள் ஆனார்கள்.